கேமராவுக்குள்ளேயே முடிந்த மாயம்: 1992 டிராகுலாவின் தந்திரக் காட்சிகள்

கல்லறை அறை. இரத்தக்காட்டேரியாக மாறிவிட்ட லூசி வெள்ளை மணப்பெண் உடையில் நிற்கிறாள். காட்டேரி வேட்டைக்காரர் வான் ஹெல்சிங் சிலுவையை நீட்டியபடி நெருங்க நெருங்க அவள் பின்வாங்குகிறாள். ஒரு கட்டத்தில் அந்த அகலமான உடையோடு சவப்பெட்டிக்குள் ஏறிப் படுத்தே விடுகிறாள். பார்ப்பவருக்கு உடம்பு கூசும். ஆனால் எது கூசவைத்தது என்று கேட்டால் சட்டென்று விரல் வைத்துக் காட்ட முடியாது. துணி மடியும் விதத்தில் ஏதோ சரியில்லை. காலடி விழும் விதத்தில் ஏதோ சரியில்லை.

நடிகை சேடி ஃப்ராஸ்ட் செய்தது நேர் எதிரான வேலை. பெட்டியிலிருந்து எழுந்து வெளியே வந்தார். படம் பின்னாலிருந்து முன்னால் ஓட்டப்பட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கி 1992 நவம்பரில் வெளிவந்த 'பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா' முழுக்க இப்படிப்பட்ட பழைய வித்தைகளால் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு 'டெர்மினேட்டர் 2' கணினியால் பாதரச மனிதனை உருவாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களோடு வந்தது. இரண்டுக்கும் நடுவில் இவர் மட்டும் பெட்டிக்கேமரா காலத்துக்குத் திரும்பிப் போனார். நவீன முறைகள் இல்லாமல் முடியாது என்ற தந்திரக் காட்சிக் குழுவை மாற்றிவிட்டு, அந்தப் பொறுப்பைத் தன் மகன் ரோமன் கொப்போலாவிடம் கொடுத்தார். அந்த முறைக்குப் பெயர்தான் 'இன் கேமரா எஃபெக்ட்'. கேமராவுக்குள்ளேயே முடிந்துவிடும் தந்திரம்.

கேமராவுக்குள் முடிவது என்றால் என்ன

ஃபிலிம் காலத்தில் தந்திரக் காட்சியை இரண்டு வழிகளில் எடுத்தார்கள். முதல் வழியில் பேயைத் தனியாகவும் வீட்டைத் தனியாகவும் படம்பிடித்து, பிறகு லேப்பில் ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவியில் இரண்டையும் மூன்றாவது ஃபிலிமில் சேர்ப்பார்கள். இது பாதுகாப்பான வழி. சரியாக வராவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், கையில் கிடைப்பது நகலின் நகல். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததுபோல் ஒவ்வொரு முறையும் புள்ளி பெருகும், நிழல்பகுதி அடைந்துபோகும், நிறம் கெடும். தியேட்டரில் படம் ஓடும்போது திடீரென்று காட்சி மங்கிச் சொரசொரப்பானால், 'இதோ தந்திரம் வருகிறது' என்று பழகிய கண் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது வழியில் எல்லாமே ஒரே நெகட்டிவில், கேமரா ஓடும்போதே பதிவாகிவிடும். லேப்பில் கழுவினால் வேலை முடிந்தது. படத்தின் மற்ற காட்சிகளுக்கு இருக்கும் அதே தெளிவு தந்திரக் காட்சிக்கும் கிடைக்கும். விலையும் உண்டு: தவறினால் எல்லாம் போச்சு. இரண்டாவது பதிவில் நடிகர் ஓர் அடி தவறாக வைத்தால், அருமையாக வந்திருந்த முதல் பதிவும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அதனால் இந்த முறையில் முன்கூட்டிய திட்டம்தான் பாதி வேலை. கொப்போலா ஏறக்குறைய ஆயிரம் ஸ்டோரிபோர்டு படங்களை, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று காட்டும் ஓவியங்களை, வரையவைத்தார். அவற்றைக் கோத்து இசை சேர்த்து ஒரு மாதிரிப் படமாகவே ஓட்டிப் பார்த்தார். நடுநடுவே ழான் காக்தோவின் 1946 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் துண்டுகளையும் கிளிம்ட் போன்றவர்களின் ஓவியங்களையும் செருகியிருந்தார். படப்பிடிப்பு ஏறத்தாழ முழுவதும் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் கல்வர் சிட்டி ஸ்டூடியோவுக்குள்ளேயே நடந்தது. வெயில் நகராது, காற்று வீசாது, கேமராவை ஒருவரும் இடிக்கமாட்டார்கள். இந்த வித்தைகளுக்கு அது அவசியம்.

ஏன் இந்தக் கதைக்கு இந்த முறை

பழமை மீது ஆசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் லண்டனில் வெளியானது 1897-இல். லூமியர் சகோதரர்களின் சினிமா லண்டனில் காட்டப்பட்டது 1896-இல். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். நாவலில் இல்லாத ஒரு சினிமாக் கொட்டகைக் காட்சியை இந்தப் படம் சேர்த்ததும் அதனால்தான். கதாநாயகி மினாவும் டிராகுலாவும் அங்கே போகிறார்கள். அதே காலத்தில் பாரிஸில் ஜார்ஜ் மெலியஸ் என்ற மேஜிக் நிபுணர், மேடை வித்தையைக் கேமராவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். 1898-இல் தன் தலையைத் தானே கழற்றிக் கழற்றி மேஜைமேல் அடுக்கிக் காட்டினார்.

ஸ்டோக்கரும் நாடகக்காரர்தான். நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் தியேட்டருக்குப் பல ஆண்டுகள் மேலாளராக இருந்தவர். 1885-இல் அங்கே போட்ட 'ஃபாஸ்ட்' நாடகத்தில் வாள்சண்டையின்போது மின்சாரத்தால் பொறி பறக்கவைத்தார்கள். இப்படிப்பட்ட வித்தைகளுக்கு நடுவில் வாழ்ந்தவர் எழுதிய கதையை, அந்தக் கால வித்தைகளாலேயே எடுப்பது பொருத்தம்தானே.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இரத்தக்காட்டேரி இருக்கும் இடத்தில் இயற்கை விதி ஒழுங்காக வேலை செய்யாது என்பது இந்தப் படத்தின் அடிப்படைக் கற்பனை. அப்படியானால் ஒவ்வொரு தந்திரமும் ஏதாவது ஒரு விதியை முறிக்க வேண்டும். காலம் பின்னோக்கி ஓட வேண்டும், எடை மேல்நோக்கி விழ வேண்டும், நிழல் சொன்னபடி கேட்கக்கூடாது. படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வித்தைகள் தனித்தனி வேடிக்கைகளாகத் தெரியாது.

காலத்தைத் திருப்புவது

லூசி காட்சியின் முறை எளிது. கேமராவின் மோட்டாரையே பின்னோக்கி ஓடவிட்டுப் படம்பிடிக்கலாம். அந்த வசதி இல்லாத கேமராவிலும் வழி உண்டு. கேமராவைத் தலைகீழாக டிரைபாட்டில் பொருத்தி வழக்கம்போல எடுங்கள். கழுவிய பிறகு அந்தத் துண்டை வெட்டி, தலையை வாலாகவும் வாலைத் தலையாகவும் திருப்பி ஒட்டுங்கள். படம் நிமிர்ந்துவிடும், ஓட்டம் பின்னோக்கி மாறிவிடும், இடது வலதும் மாறாது. 35 மி.மீ. ஃபிலிமில் இரண்டு ஓரங்களிலும் துளை இருப்பதால் இது நடக்கும். ஒரே ஓரத்தில் துளை உள்ள 16 மி.மீ. ஃபிலிமில் செய்தால், திருப்பியதும் துளை எதிர்ப்பக்கம் போய்விடும், ப்ரொஜெக்டரில் ஏறாது. அதற்கு இரு ஓரத் துளை ஃபிலிம் வாங்க வேண்டும்.

கடினம் நடிப்பில்தான் இருக்கிறது. மனிதர் நடக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடும், பிறகு விரல். திருப்பி ஓட்டினால் விரல் முதலில். பார்ப்பவர் இதைக் கவனிக்கமாட்டார், ஆனால் உணர்வார். லூசிக்கு வேண்டியது இந்த உணர்வுதான். இதையே சாதாரண நடையாகக் காட்ட வேண்டுமென்றால் நடிகர் பின்னோக்கி நடக்கப் பழக வேண்டும். புகை, மெழுகுவர்த்திச் சுடர், சொட்டும் நீர், உதிரும் இலை ஆகிய நான்கில் ஒன்று பிரேமுக்குள் இருந்தாலும் குட்டை உடைத்துவிடும். புகை கீழே இறங்கி விளக்குக்குள் நுழைவதைப் பார்த்ததும் பள்ளிப் பிள்ளைக்கும் விஷயம் விளங்கிவிடும். அதையே விரும்பித்தான் செய்கிறீர்கள் என்றால் வேறு கதை.

மேலே ஓடும் எலிகள், மாஸ்க் ஷாட்

டிராகுலாவின் கோட்டைக்கு வந்த இளம் வழக்கறிஞன் ஹார்க்கர் அதைச் சுற்றிப் பார்க்கும்போது தலைக்கு மேலே உத்தரத்தில் எலிகள் தலைகீழாக ஓடுகின்றன. ஹார்க்கர் கீழே, எலிகள் மேலே, ஒரே பிரேம்.

இதைப் புரிந்துகொள்ள மாஸ்க் ஷாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் ரசிகருக்கு இது புதிய சொல் அல்ல. 1940 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு வேடத்தில் வந்ததிலிருந்து, இரட்டை வேடக் கதாநாயகர்கள் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும் ஷாட்டுக்கெல்லாம் இங்கே அதுதான் பெயர்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்துப் பிரேமின் ஒரு பகுதியை மறையுங்கள். மறைந்த பகுதியில் ஒளி விழாது, அந்த இடத்து ஃபிலிம் கன்னியாகவே இருக்கும். மீதிப் பகுதியில் எலிக் காட்சியை எடுங்கள். எலிகள் உண்மையில் ஒரு கட்டையின்மேல் நேராகத்தான் ஓடுகின்றன, கேமராதான் தலைகீழ். பிறகு லென்ஸை மூடி, ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து, கேமராவை நிமிர்த்தி, இப்போது எலிப் பகுதியை மறைத்துவிட்டு ஹார்க்கரை நடக்கவிடுங்கள். ஒரே ஃபிலிமில் இரு உலகமும் பதிந்துவிடும்.

சொல்ல எளிதாக இருக்கிறது. தவறக்கூடிய இடங்கள் நிறைய.

தொடக்க பிரேம் தவறினால் இரண்டும் பொருந்தாது. ஃபிலிமை ஏற்றும்போதே கேட்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளி விழும் சட்டத்தில், நிற்கும் பிரேமில் பென்சிலாலோ துளையாலோ குறிபோட்டு, அடிக் கணக்குக் காட்டியைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். விநாடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆகவே 'எலி 3-ஆம் விநாடியில் உள்ளே வரும்' என்றால் நான்கரை அடியில் வரும் என்று குறித்துக்கொள்ளலாம். பழைய ஒளிப்பதிவாளர்கள் இந்தக் கணக்கை வாய்ப்பாடுபோல் வைத்திருப்பார்கள்.

மாஸ்கின் ஓரம் எப்படித் தெரியும் என்பது இரண்டைப் பொறுத்தது. அட்டை லென்ஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துவாரம், எவ்வளவு திறந்திருக்கிறது. அருகில் வைத்து அகலத் திறந்தால் ஓரம் புகைபோல் கரையும். தள்ளிவைத்து எஃப் 11 என்ற சின்னத் துவாரம் வரை சுருக்கினால் கத்தியால் வெட்டினதுபோல் வரும். இரண்டு பதிவுக்கும் அப்பர்ச்சர் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறினால் ஓரத்தின் அகலம் மாறி, நடுவில் கறுப்புக் கோடோ வெள்ளைக் கோடோ விழும். ஒளி கூடக் குறைய வேண்டுமானால் விளக்கை மாற்றுங்கள், அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். கோட்டை ஒரு தூணிலோ உத்தரத்தின் விளிம்பிலோ கதவுச் சட்டத்திலோ ஒளித்துவைப்பது வழக்கம். எலிக் காட்சியில் இருட்டான உத்தரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்தது நடுக்கம். ஃபிலிம் ஒவ்வொரு பிரேமுக்கும் இழுக்கப்பட்டு நின்று நகர்கிறது. அதில் மயிரிழை அளவு ஆட்டம் எப்போதும் உண்டு. ஒற்றைப் பதிவில் முழுப் படமும் சேர்ந்து ஆடுவதால் தெரியாது. இரட்டைப் பதிவில் மேல்பாதி ஒருபக்கமும் கீழ்பாதி மறுபக்கமும் ஆடும். அதனால் ஒவ்வொரு பிரேமையும் துளையில் ஊசி நுழைத்துப் பிடித்து நிறுத்தும் ரெஜிஸ்ட்ரேஷன் பின் உள்ள கேமராவே இதற்கு வேண்டும்.

அனுபவசாலிகள் இன்னொரு காப்பும் வைத்திருப்பார்கள். முதல் பதிவை ஒரே ஒரு முறை எடுக்காமல் நான்கைந்து முறை எடுப்பார்கள். கடைசியில் கூடுதலாகச் சில அடிகள் சோதனைக்கு. சோதனைத் துண்டை மட்டும் கழுவிப் பார்த்துவிட்டு, மீதியைக் கழுவாமல் குளிர்ந்த இடத்தில் வைத்திருந்து, ஒவ்வொன்றாக இரண்டாம் பதிவுக்கு எடுப்பார்கள். நான்கு கெட்டாலும் ஐந்தாவது மிஞ்சும்.

வானத்தில் கண்கள்

ஹார்க்கர் ரயிலில் டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். ஜன்னலுக்கு வெளியே சிவந்த வானத்தில் இரண்டு கண்கள் மெல்லத் திறக்கின்றன. இது மாஸ்க் இல்லாத இரட்டைப் பதிவின் இயல்பைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. ஒளி கூடும், கழியாது. ஃபிலிமில் ஏற்கெனவே வெளிச்சம் விழுந்த இடத்தில் மேலும் வெளிச்சம் விழுந்தால் இன்னும் வெளிறும். இருண்ட இடத்தில் விழுந்தால் புதிய உருவம் தெளிவாக நிற்கும்.

ஆகவே பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதைச் சாத்திரமாகச் சொல்வதோடு ஒளிக் கணக்காகவும் சொல்லலாம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் பேயை ஏற்ற முடியாது. டிராகுலாவாக நடித்த கேரி ஓல்ட்மேனின் முகத்தில் கண்கள் மட்டும் தெரியும்படி ஒப்பனை செய்து, மற்றதெல்லாம் கறுப்பில் கரைந்துபோக எடுத்தார்கள். பின்னணி முழுக் கறுப்பாக இருந்தால் ஒளியைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி ஒளி, குறைத்து எடுக்க வேண்டும். கறுப்புக்குச் சாதாரணத் துணி போதாது. அது விளக்கொளியில் சாம்பல் நிறமாகத் தெரியும். வெல்வெட் வேண்டும், அதையும் சுருக்கமில்லாமல் கட்ட வேண்டும். சுருக்கத்தின் மேடு ஒவ்வொன்றும் வானத்தில் வெள்ளைக் கோடாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில் நாவலைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோக்கரின் கதை நேராகச் சொல்லப்படுவதில்லை. ஹார்க்கரின் டைரி, மினாவின் கடிதம், டாக்டர் சீவர்ட் ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவைத்தது, தந்தி, பத்திரிகைச் செய்தி என்று துண்டு துண்டாக வரும். பெரும்பாலான படங்கள் இதைத் தூக்கியெறிந்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டன. இந்தப் படத்தில் முகத்தின்மேல் வரைபடம், கையெழுத்தின்மேல் முகம் என்று பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. நாவலின் காகிதக் குவியலைப் பார்வையாக மாற்ற இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது எங்கள் கருத்து. கதை விஷயத்தில் படம் நாவலுக்கு அவ்வளவு விசுவாசமில்லை. 1462-இல் தொடங்கும் முன்கதையும் மினாவோடு காதலும் ஸ்டோக்கர் எழுதாதவை. வடிவத்தில்தான் அது மூலத்தோடு ஒட்டி நிற்கிறது.

டைரிமேல் ஓடும் ரயில்

திறந்து கிடக்கும் டைரியின் விளிம்பில் ரயில் போகிறது, அதன் புகையின் நிழல் எழுத்துகள்மேல் படர்ந்து செல்கிறது. நிழல் உண்மையாகவே விழ வேண்டுமானால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். பெரிய அளவில் ஒரு புத்தகத்தைச் செய்து, அதன் பின்னால் சின்ன ரயிலை ஓட்டினார்கள். அளவை ஏமாற்றுவது இது: பெரியதைச் சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் நம்பவைத்து ஒரே ஷாட்டில் நிறுத்துவது.

மினியேச்சரைக் காட்டிக்கொடுப்பவை இரண்டு: கூர்மையும் வேகமும். அருகில் உள்ளது தெளிவாகவும் தொலைவில் உள்ளது மங்கலாகவும் இருந்தால் பொம்மை என்று கண் சொல்லிவிடும். எல்லாமே கூர்மையாக இருக்க அகல லென்ஸும் சின்ன அப்பர்ச்சரும் வேண்டும். 25 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து ஏறக்குறைய 2.3 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், சுமார் 1.15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக வரும். எஃப் 5.6-இலிருந்து எஃப் 11-க்குப் போவது இரண்டு ஸ்டாப். நான்கு மடங்கு விளக்கு வேண்டும். மினியேச்சர் செட்டில் சூடு தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. அளவு எத்தனை மடங்கு சின்னதோ, அதன் வர்க்கமூல மடங்கு வேகமாகக் கேமராவை ஓட்டுங்கள். கால் அளவு மாதிரிக்கு 2 மடங்கு, விநாடிக்கு 48 பிரேம். ஒன்பதில் ஒரு பங்குக்கு 3 மடங்கு, 72 பிரேம். பதினாறில் ஒன்றுக்கு 96. சின்னப் பொருள் சின்ன உயரத்திலிருந்து சீக்கிரம் விழுந்துவிடும். அதைப் பெரிய பொருளின் நிதானத்துக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். நீர்த்துளிக்கும் நெருப்புக்கும் சூத்திரம் உதவாது. துளியின் அளவை யாராலும் சுருக்க முடியாது. கப்பல் கவிழும் பழைய படங்களில் நெல்லிக்காய் அளவுத் துளிகள் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சொன்ன பேச்சைக் கேட்காத நிழல்

நாவலில் வான் ஹெல்சிங் சொல்வார்: அவனுக்கு நிழல் விழாது, கண்ணாடியில் உருவமும் தெரியாது. படம் இதைத் தலைகீழாக்கியது. இங்கே டிராகுலாவுக்கு நிழல் உண்டு, ஆனால் அதற்குத் தனிப் புத்தி. எஜமானன் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் அவன் நிழலின் கைகள் ஹார்க்கரின் கழுத்தை நோக்கி நீள்கின்றன.

ஓல்ட்மேனின் நிழலை விழவிடாமல் விளக்கை அமைத்துவிட்டு, அதே உருவக்கோட்டில் உடையணிந்த இன்னொருவரின் நிழலைச் சுவரில் விழவைக்க வேண்டும். நிழல் கூர்மையாக வேண்டுமானால் விளக்கு சின்னப் புள்ளியாக இருக்க வேண்டும். ஒளியைப் பரப்பும் டிஃப்யூஷன் துணி போட்ட பெரிய விளக்கில் நிழல் கரைந்துவிடும். நிழல்காரர் விளக்கின் அருகில் போனால் நிழல் பெரிதாகும், சுவரின் அருகில் போனால் ஆளளவுக்குச் சுருங்கும். இதை வைத்தே கை நீள்வதைக் காட்டலாம். வேறெந்த விளக்கின் சிந்தலும் சுவரில் விழக்கூடாது, விழுந்தால் நிழல் வெளிறும். முழு நேரமும் ஓல்ட்மேனின் அசைவும் நிழலின் அசைவும் ஒத்துப்போய்விட்டால் வித்தை வீண். அரை விநாடி பிந்துவதில்தான் பயம் இருக்கிறது. தோல்பாவைக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பழக்கமானதுதான். படத்தின் தொடக்கப் போர்க்காட்சியே சிவப்புப் பின்னணியில் கறுப்பு உருவங்களாக, பாவைகளும் கலந்து எடுக்கப்பட்டது.

கைப்பிடிக் கேமரா

டிராகுலா லண்டன் தெருவில் முதன்முதலாக நடந்துவரும் காட்சி படபடவென்று துள்ளும். அதை எடுத்தது கையால் சுற்றும் உண்மையான பழைய பாத்தே கேமரா. ஒரு சுற்றுக்கு 8 பிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 பிரேம். அதை 24-இல் ஓட்டும்போது எல்லோரும் ஒன்றரை மடங்கு வேகமாக நடக்கிறார்கள். கை ஒரே சீராகச் சுற்றாது என்பதால் ஒளியும் கூடிக் குறையும். கணினியில் இந்தத் துடிப்பைச் செய்தால் ஒழுங்கான ஒழுங்கின்மையாக வரும், அது வேறு. மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி அதிக நேரம் கிடைக்கும் என்பதால், 16 பிரேமுக்கு அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் அப்பர்ச்சரைச் சுருக்க வேண்டும்.

ஆடம்பரம் எங்கே போனது

இவ்வளவு சிக்கனமான வித்தைகள் கொண்ட படம் ஏன் அத்தனை செழிப்பாகத் தெரிகிறது என்றால், பணம் துணிக்குப் போனது. உடைதான் செட் என்று கொப்போலா முடிவெடுத்தார். ஜப்பானைச் சேர்ந்த எய்கோ இஷியோகாவிடம் உடை வடிவமைப்பைக் கொடுத்தார். தோலுரித்த தசைபோன்ற சிவப்புக் கவசம், கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்தை நினைவூட்டும் பொன்னங்கி, ஆஸ்திரேலிய விசிறிக் கழுத்துப் பல்லியிலிருந்து பிறந்த லூசியின் கழுத்துப்பட்டை எல்லாம் அவர் கை. ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹாஸின் ஒளியில் அந்தத் துணிகள் இருட்டிலிருந்து மிதந்து வருகின்றன. இருட்டு நிறைய இருப்பதால் சுவர் கட்டும் செலவு குறைவு. இரட்டைப் பதிவுக்கு வேண்டிய கறுப்பும் இலவசமாகக் கிடைத்தது. 1993 ஆஸ்கரில் உடை, ஒப்பனை, ஒலி விளைவுத் தொகுப்பு என மூன்று விருது. தந்திரக் காட்சிப் பிரிவில் பரிந்துரைகூட இல்லை.

வீட்டில் செய்து பார்க்க

ஃபிலிம் கேமரா வேண்டாம், ஒரு ஃபோனும் ஜன்னல் கண்ணாடியும் போதும். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பேயைக் காட்டிய வித்தை இது. இன்றும் 'பெப்பரின் பேய்' என்றுதான் பெயர்.

ஒரு நாற்காலியில் ஆளை உட்காரவையுங்கள். அவருக்கும் ஃபோனுக்கும் நடுவில் கண்ணாடியை 45 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள். பக்கவாட்டில், ஃபோனின் பார்வையில் நேராக விழாத இடத்தில், பேயாக வருபவர் நிற்கட்டும். அவர் பின்னால் கறுப்புத் துணி. கண்ணாடியிலிருந்து நாற்காலி எத்தனை அடியோ, பேயும் அத்தனை அடி. தூரம் மாறினால் பேய் நாற்காலிக்கு முன்னாலோ பின்னாலோ மிதக்கும், ஃபோகஸும் பொருந்தாது. சாதாரணக் கண்ணாடி இந்தச் சாய்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். ஆகவே பேய்மேல் விழும் விளக்கு மிகப் பலமாக இருக்க வேண்டும், நாற்காலிப் பக்கம் மங்கலாக. ஃபோனை டிரைபாட்டில் வைத்து ஃபோகஸையும் ஒளியையும் லாக் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால் பேய் தோன்றும் நேரத்தில் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

பேய்க்கு இரண்டு ஓரம் தெரிந்தால் கண்ணாடி தடிமன் என்று பொருள். முன்முகமும் பின்முகமும் தனித்தனியே பிரதிபலிக்கின்றன. மெல்லிய கண்ணாடிக்கு மாறுங்கள். ஃபோனே கண்ணாடியில் தெரிந்தால், சாய்வு 45 பாகையிலிருந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள், ஃபோனைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டுங்கள்.

எல்லாம் அமைந்ததும் இரண்டு விளக்கையும் டிம்மரில் இணைத்து, நாற்காலி விளக்கை மெல்ல இறக்கிக்கொண்டே பேய் விளக்கை ஏற்றுங்கள். இரண்டு பேரின் கண்களும் ஒரே உயரத்தில் இருந்தால், உட்கார்ந்திருப்பவரின் முகம் எந்த இடத்தில் முடிந்து அடுத்த முகம் தொடங்கியது என்று எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடாது.